நின்றே தேயும் வண்டி

ஓடுகிற வண்டிதான் தேயும், நிற்கிற வண்டி வைத்தது வைத்தபடியே இருக்கும் என்ற அபிப்பிராயம் நம்மிடையே வெகுநாளாக வேரூன்றியிருக்கிறது. பழைய கார் ஒன்றை விற்க வருகிறவர், இருபது வருஷமாக அதை ஷெட்டை விட்டு வெளியே எடுத்ததே இல்லை என்று பெருமையோடு சொல்வதும், வாங்க வந்தவர் அதைக் கேட்டு உள்ளூரக் குளிர்ந்து இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்க மனத்துக்குள் சம்மதித்துவிடுவதும் இந்த அபிப்பிராயத்தின் விளைவுகளே. உண்மை இதற்கு முற்றிலும் விரோதமானது. ஓடுகிற வண்டியில் உலோகத்தோடு உலோகம் உரசாதபடி எண்ணெய்ப் படலம் ஒன்று இடையே நின்று காக்கிறது. அதையும் மீறி நேரும் தேய்மானம் கணக்குக்கு அடங்கியது. நிற்கிற வண்டியிலோ அந்த எண்ணெய் சில வாரங்களில் வடிந்து கீழே இறங்கிவிட, ஈரமும் பிராணவாயுவும் இரும்பையும் ரப்பரையும் பெட்ரோலையும் கேட்பாரின்றித் தங்கள் இஷ்டம்போல் மாற்றிக்கொண்டிருக்கின்றன. ஆகவே பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின்மேல் ஆசைப்பட்டவர், கிலோமீட்டர் கணக்கைக் கேட்பதற்கு முன்பு, அது எத்தனை காலம், எவ்விதமான தரையின்மேல், எந்த நிலையில் நின்றது என்று விசாரிப்பது நல்லது.

இந்த விஷயத்தை விளக்குவதற்குப் பெங்களூரிலேயே பிறந்த ஒரு வண்டியைக் காட்டிலும் பொருத்தமான உதாரணம் எனக்குத் தோன்றவில்லை. 1970களில் மூன்று சக்கரங்களும் பைபர் உடலும் கொண்ட 'பாதல்' என்ற விநோதமான வாகனத்தைச் செய்துவந்த பெங்களூர் நிறுவனம் ஒன்று, 1982 வாக்கில் இங்கிலாந்தின் ரிலையன்ட் கம்பெனியினுடைய 'கிட்டன்' என்ற சிறு காரைத் தழுவி, 'டால்பின்' என்ற இரண்டு கதவுக் காரை வெளியிட்டது. சிபானி ஆட்டோமொபைல்ஸ் என்பது அந்த நிறுவனத்தின் பிற்காலப் பெயர். அம்பாஸடரும் பிரீமியர் பத்மினியும் மட்டுமே வீதிகளை ஆண்டுகொண்டிருந்த அந்தக் காலத்தில் டால்பின் ஒரு அதிசயமாகத்தான் வந்தது; ஆனால் 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்துவிட்டதால், சாதாரணக் குடும்பங்கள் அதன் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் அருமையை அறிந்துகொண்டவர்கள் பந்தய ஓட்டிகள். ராலிப் பந்தயங்களிலும், சென்னைக்கு வடக்கே சோழவரத்து விமான ஓடுபாதையில் அந்நாளில் நடந்துவந்த பந்தயங்களிலும் டால்பின் ஓடிய கதையை வயதான மோட்டார் ரசிகர்கள் இன்றைக்கும் உற்சாகத்தோடு சொல்வார்கள்.

அவர்கள் உற்சாகத்துக்குக் காரணம் எளிய வகுத்தல் கணக்குதான். தாய்க் காரான கிட்டனுடைய இன்ஜின் 848 சி.சி. கொள்ளளவும் சுமார் 40 குதிரைத்திறனும் உடையது. வண்டியின் எடையோ ஏறக்குறைய 525 கிலோ. அக்காலத்து அம்பாஸடருக்கு 1,489 சி.சி. இன்ஜினும் 50 குதிரைத்திறனும் இருந்தும், அதன் எடை 1,100 கிலோவுக்கு மேற்பட்டதாகையால், ஒவ்வொரு குதிரையும் இழுக்கவேண்டிய பாரம் அதில் 22 கிலோவுக்குக் குறையவில்லை. கிட்டனில் அது 13 கிலோதான். ஸ்போர்ட்ஸ் கார் என்பதற்குக் குதிரைத்திறனே லக்ஷணம் என்று நினைப்பவர்கள் இந்தப் பின்னத்தின் மேற்பகுதியான எடையை மறந்துவிடுகிறார்கள். எடை குறைந்தால் வேகமெடுப்பது மட்டுமல்ல, வளைவில் திரும்புவதும் பிரேக் பிடித்து நிற்பதும்கூட எளிதாகிவிடுகின்றன.

எடையைக் குறைத்தது பைபர் என்று பேச்சு வழக்கில் சொல்லப்படும் கண்ணாடியிழைப் பிளாஸ்டிக். மண்சுவருக்குள் வைக்கோலைப் பிசைந்து வைப்பது எதற்காகவோ அதற்காகத்தான் பாலியெஸ்டர் பிசினுக்குள் மெல்லிய கண்ணாடி நூல்களைப் புதைத்து வைக்கிறார்கள்: பிசின் உருவத்தைத் தருகிறது, நூல் இழுவையைத் தாங்குகிறது. 1953ல் அமெரிக்காவில் செவ்ரலே கார்வெட்டும், 1957ல் இங்கிலாந்தில் லோட்டஸ் எலீட்டும் இந்தப் பொருளால் உடல் பெற்றே புகழ்பெற்றன. எஃகுத் தகட்டினால் காரின் உடலைச் செய்ய வேண்டுமானால் ராக்ஷஸ அச்சு யந்திரங்களும் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி எஃகு அச்சுகளும் வேண்டும். லக்ஷக்கணக்கில் கார் விற்றாலன்றி அந்தச் செலவு மீளாது. பைபருக்கோ ஒரு வார்ப்பும், பிசின் வாளியும், கைத்திறமையுள்ள சில தொழிலாளிகளும் போதும். அச்சு யந்திரங்கள் இல்லாத தேசங்களுக்குக் கார்த் தொழிலைக் கற்றுக்கொடுப்பதையே ரிலையன்ட் கம்பெனி ஒரு வியாபாரமாக வைத்திருந்தது; இஸ்ரேலில் 'சப்ரா'வும் துருக்கியில் 'அனடோல்' என்ற காரும் அவ்வாறு பிறந்தவையே. (அனடோலை வெளியே நிறுத்தினால் மாடு தின்றுவிடும் என்று துருக்கியர் கேலி செய்வதுண்டாம்.) லைசென்ஸ் ராஜ்ஜியத்தின் இறுக்கத்துக்குள் பெங்களூரில் ஒரு சிறு நிறுவனம் கார் செய்யத் துணிந்ததற்கும் இந்தப் பொருளே வழி திறந்தது.

என் நண்பர் ஒருவர் அண்மையில் இப்படிப்பட்ட டால்பின் ஒன்றை வாங்கினார். நெடுங்காலம் கொட்டகையில் நின்ற வண்டி. ஆனால் உடலில் ஒரு பொட்டுத் துரு இல்லை. அவர் அதன் கதவையும் பானெட்டையும் தட்டித் தட்டி மகிழ்ந்துகொண்டிருந்தபோது, பெங்களூர் வில்சன் கார்டனில் ஷெட் வைத்திருக்கும் வயதான தமிழ் மெக்கானிக் சொன்னார்: "மேலே தட்டிப் பார்த்து என்ன சார் பிரயோஜனம்? பைபர் எப்பவும் நல்லாத்தான் இருக்கும். ஜாக்கி வெச்சுத் தூக்கிட்டு, கீழே படுத்துப் பாருங்க." படுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. பைபர் உடலின் கீழே, வண்டியின் பாரம் முழுவதையும் சுமப்பது எஃகினால் ஆன சேஸிஸ். மேலே துருவுக்கு இடமே இல்லாததால், கீழே நடப்பதை வெளியே அறிவிக்கும் அடையாளம் ஒன்றுமில்லை. தகட்டு உடல் கொண்ட காராக இருந்தால் கதவின் அடியில் பெயிண்ட் கொப்புளித்தே ஆபத்தை அறிவித்திருக்கும்.

துரு என்பது ரசாயனம் மட்டுமன்று. அது ஒரு சிறு மின்கலத்தின் வேலை. இரும்பின்மேல் ஒரு துளி ஈரம் நின்றால், துளியின் ஓரத்தில் பிராணவாயு மிகுதியாகவும் நடுவில் குறைவாகவும் இருக்கும். இந்தப் பேதமே மின்னோட்டத்தை உண்டாக்க, பிராணவாயு குறைந்த நடுப்பகுதியில் இரும்பு கரைந்து நீரில் இறங்குகிறது. கரைந்த இரும்பு பிராணவாயுவோடு சேர்ந்து, முன்பிருந்த இரும்பைப்போல இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைக்கும் துருவாக வெளிப்படுகிறது. அந்தத் துருவே ஈரத்தைப் பிடித்துவைத்து அடுத்த துளிக்கு வழி செய்கிறது. சேஸிஸின் பெட்டிக் குழாய்க்குள் ஒருமுறை புகுந்த மழைநீரும் சேறும் வெளியேற வழியின்றித் தங்கிவிடுமாகையால், குழாய் உள்ளிருந்து வெளியே அரிக்கிறது. வெளியே கறுப்புப் பெயிண்ட் பளபளத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே சுவர் பாதியாகிவிடக்கூடும். இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். மெல்லிய தகட்டுச் சுவர் நெளிந்து மடங்காமல் தாங்கும் பாரம் அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. எனவே கனம் பாதியானால் தாங்கும் சக்தி பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே வேண்டியதில்லை. மெக்கானிக் சிறிய சுத்தியல் ஒன்றை எடுத்து, முன்சக்கரத்தின் அருகிலிருந்து பின்பக்கம்வரை ஒவ்வொரு சாணுக்கும் ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டு போனார். நல்ல இடங்களில் கணீரென்று ஓசை வந்தது. பின் ஸ்பிரிங் பொருத்தப்பட்ட இடத்துக்கு அருகில் ஓசை மந்தமாகி, ஸ்குரூடிரைவரின் நுனி சற்று அழுத்தியதும் உள்ளே இறங்கியது. அதற்குமேல் வாதத்துக்கு இடமில்லை. உடலைச் சேஸிஸிலிருந்து கழற்றித்தான் வெல்டிங் செய்ய வேண்டும். பைபர் உடல் மேலே இருக்கும்போதே வெல்டிங் பொறி பறந்தால் பிசின் தீப்பற்றிக்கொள்ளும். போல்ட்டுகளைக் கழற்றி, உள்ளேயுள்ள ஸீட்டையும் கண்ணாடியையும் எடுத்துவிட்டால், சில பேர் சேர்ந்து அந்த உடலைக் கையாலேயே தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். எஃகு உடலுக்கு இந்தச் சௌகரியம் கிடையாது.

உடலிலும் பழுதே இல்லை என்று சொல்வதற்கில்லை. பைபரின் மேற்பூச்சில் நட்சத்திரம்போல் விரிசல் கண்டால் அந்த இடத்தில் உள்ளிருந்தோ வெளியிருந்தோ ஓர் அடி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். கதவுக் கீலைச் சுற்றிக் கோடு கோடாக விரிசல் கண்டால் அங்கே உடல் ஓயாமல் வளைந்து நிமிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டையும் பட்டி போட்டு மூடிப் பெயிண்ட் அடித்தால் ஆறு மாதத்தில் அதே கோடு அதே இடத்தில் திரும்ப எழும்பும். விரிசலின் இருபுறமும் சரிவாகத் தேய்த்து, உட்பக்கத்திலிருந்து புதிய கண்ணாடிப் பாயையும் பிசினையும் அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். பிசின் இறுகுவது காய்வதனால் அல்ல. கெட்டிப்படுத்தும் திரவத்தை நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு சேர்த்ததும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்துகொள்கின்றன, அப்போது உஷ்ணமும் வெளிப்படுகிறது. அதே காரணத்தால் சென்னையின் சித்திரை வெயிலில் வாளியிலேயே கட்டிதட்டிப்போகும் கலவை, பெங்களூரின் மார்கழிக் காலையில் பொழுது ஏறும்வரை பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். சென்னைக் காசிமேட்டில் பைபர் படகுகளைப் பழுதுபார்ப்பவர்கள் இந்த விஷயத்தில் எந்தக் கார் டிங்கருக்கும் பாடம் சொல்லக்கூடியவர்கள். ஒரு எச்சரிக்கை: கெட்டிப்படுத்தும் பெராக்ஸைடையும், வேகப்படுத்துவதற்கான கோபால்ட் திரவத்தையும் நேராக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். ஒன்றைப் பிசினில் நன்றாகக் கலந்த பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும்.

பைபர் உடலின் விசேஷம் இன்னொன்று, அனுபவமுள்ள எலெக்ட்ரிஷியன்களையும் திகைக்க வைப்பது. தகட்டுக் காரில் பேட்டரியின் ஒரு முனை உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். விளக்குக்கு ஒரு ஒயர் போதும், மின்சாரம் திரும்பிச் செல்லும் வழியை உடலே தந்துவிடும். பைபரில் மின்சாரம் பாயாது. ஆகவே ஒவ்வொரு விளக்குக்கும் 'எர்த்' என்று சொல்லப்படும் திரும்பும் ஒயர் ஒன்று தனியாகச் சென்று சேஸிஸில் எங்கோ ஒரு போல்ட்டின்கீழ் முடிகிறது. அந்தப் போல்ட்டில் துரு ஏறினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். 55 வாட் ஹெட்லைட் ஒன்றின் எர்த்தில் அரை ஓம் அளவு தடை சேர்ந்தாலே ஏறக்குறைய இரண்டு வோல்ட் அங்கே வீணாகிவிடும். இழை விளக்கின் ஒளி வோல்ட்டேஜோடு சரிசமமாகக் குறைவதில்லை, அதைவிட மும்மடங்கு வேகத்தில் குறைகிறது. இரண்டு வோல்ட் போனால் ஒளியில் பாதி போய்விடும்.

எர்த் முழுவதும் அறுந்துபோனால் வேடிக்கை இன்னும் அதிகம். நண்பருடைய காரில் பிரேக்கை மிதித்தால் டேஷ்போர்டு விளக்கு மங்கலாக எரிந்தது! பேய் பிடித்துவிட்டது என்று சிரித்தோம். நடந்தது இதுதான்: பின்விளக்குப் பெட்டியில் பிரேக் விளக்கும் சாதாரணப் பின்விளக்கும் ஒரே எர்த் ஒயரைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த ஒயர் அறுந்ததும், பிரேக் விளக்கில் பாய்ந்த மின்சாரம் திரும்ப வழியின்றி, பக்கத்திலுள்ள பின்விளக்கின் இழைக்குள் தலைகீழாகப் புகுந்து, அதன் ஒயர் வழியே முன்னே ஓடி, அதே சுற்றிலுள்ள டேஷ்போர்டு விளக்கின் எர்த் வழியாக வீடு திரும்பியது. விளக்கைப் போட்டுவிட்டு, மல்ட்டிமீட்டரின் ஒரு முனையை விளக்கின் எர்த்திலும் மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்துப் பார்த்தால், நல்ல எர்த்தில் வோல்ட்டில் பத்தில் ஒன்றிரண்டு பங்குக்குமேல் காட்டக் கூடாது. ஒயர் முழுவதையும் மாற்றச் சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்பவர்களிடம் இந்தப் பரீட்சையைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

பிரேக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சுபாவமுடையது. டாட் 3 என்ற ரகத்தின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி. நூற்றுக்கு நான்கு பங்குக்கும் குறைவான தண்ணீர் சேர்ந்தால் அது 140 வரை இறங்கிவிடலாம். சேர்ந்த தண்ணீர் சிலிண்டரின் அடியில் தங்கி அங்கே குழி குழியாக அரிக்கும். இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பிரேக்கைச் சரிசெய்ய வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். இன்ஜினின் சத்தத்தைக் கேட்டுவிட்டால் தெருவுக்கு ஒரு நடை கொண்டுபோய்வராமல் இருக்க எந்த மனிதராலும் முடியாது.

இனி இன்ஜின். ரிலையன்ட் இன்ஜின் 1962ல் 600 சி.சி. அளவில் தொடங்கி 848 வரை வளர்ந்தது. பிரிட்டனில் பெருவாரியாக உற்பத்தியான முதல் முழு அலுமினிய இன்ஜின் என்று பெயர் பெற்றது. அலுமினிய உடலுக்குள் வார்ப்பிரும்பு லைனர்களைப் பொருத்தியிருப்பார்கள். அந்த லைனர்களுக்கு வெளியே தண்ணீர் நேராகச் சுற்றுகிறது. நெடுநாள் நின்ற இன்ஜினில் ஏதாவது ஒரு சிலிண்டரில் வால்வு திறந்த நிலையிலேயே நின்றிருக்கும். அந்த வழியாக வந்த ஈரக் காற்று பிஸ்டன் ரிங்கை லைனரோடு துருவால் ஒட்டவைத்துவிடும். இதை அறியாமல் ஸ்டார்ட்டரைத் தட்டினால் ரிங் உடையும். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சிறிது எண்ணெய் ஊற்றி, ஒரு இரவு ஊறவிட்டு, மறுநாள் ஸ்பேனரைக் கொண்டு கையால் மெல்லத் திருப்பிப் பார்ப்பதே முறை.

திரும்பிவிட்டால் கம்ப்ரஷன் பரீட்சை. பிளக் துளையில் கேஜை வைத்து இன்ஜினைச் சுழற்றினால், ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்பது தெரியும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் அழுத்தம் குறைந்திருந்தால் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ஒரே சிலிண்டரில் குறைந்திருந்தால் சிறிது எண்ணெய் விட்டு மறுபடி பார்க்க வேண்டும், அழுத்தம் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. இதெல்லாம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் இங்கிலாந்தில் அச்சான புத்தகத்தில் இல்லாத ஒரு விஷயம் பெங்களூர்க்காரருக்கு மிகவும் முக்கியம். இந்த ஊர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்குதான். கடற்கரையில் 150 பவுண்டு காட்ட வேண்டிய நல்ல சிலிண்டர் இங்கே 135ஐ ஒட்டித்தான் காட்டும். இதை மறந்துவிட்டு ரிங் போய்விட்டது என்று இன்ஜினைப் பிரித்தவர்கள் இந்த ஊரில் உண்டு. நான்கு சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதே கவனிக்க வேண்டியது. தனித்தனி எண்களைப் பார்த்து பயப்பட வேண்டாம்.

உயரத்தின் விளைவு ரேடியேட்டரிலும் தெரியும். இந்த உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியிலுள்ள ஸ்பிரிங் 7 பவுண்டு அழுத்தத்தைத் தாங்கினால் கொதிநிலை 109 வரை உயரும். ஸ்பிரிங் செத்த பழைய மூடி ஒன்றினால் அந்த 12 டிகிரிப் பாதுகாப்பும் பறிபோகிறது. அலுமினிய இன்ஜினுக்கு இது உயிர்ப் பிரச்சினை. உஷ்ணத்தில் அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. ஒருமுறை அளவுமீறிச் சூடானால் ஹெட் வளைந்துவிடும், பிறகு இரும்புச் சட்டத்தை வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்கும்போதுதான் சேதம் தெரியும். காவிரித் தண்ணீர் எட்டாத பெங்களூர்ப் பேட்டைகளில் போர்வெல் தண்ணீர்தான் ரேடியேட்டருக்கும் போகிறது. அதில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட் சூட்டில் பிரிந்து, சுண்ணாம்புப் படிவமாக இன்ஜினின் உட்சுவரில் படிகிறது; அந்தப் படிவம் அலுமினியத்தைக் காட்டிலும் பல பத்து மடங்கு குறைவாகவே உஷ்ணத்தைக் கடத்தும். அதோடு, உப்புத் தண்ணீரில் அலுமினியமும் இரும்பும் சேர்ந்து நின்றால் அதுவும் ஒரு மின்கலம்தான், அதில் கரைவது அலுமினியம். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் கூலண்ட் கலந்து ஊற்றுவதால் ஆகும் செலவு, ஒரு ஹெட்டின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

பெட்ரோல் விஷயத்தில் இயற்கையும் அரசாங்கமும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கின்றன. கார்புரேட்டர் காற்றைக் கன அளவால் அறியுமேயன்றி எடையால் அறியாது. பெங்களூரின் காற்று கடற்கரைக் காற்றைவிட நூற்றுக்கு ஒன்பது பங்கு போல லேசானது. ஆனால் ஜெட்டிலிருந்து இழுக்கப்படும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை, பாதியளவே குறைகிறது. எனவே சென்னையில் சரியாக டியூன் செய்த வண்டி இங்கே வந்தால் நூற்றுக்கு நான்கைந்து பங்கு பெட்ரோல் மிகையாகக் குடிக்கும். இதற்கு நேர்மாறாக வேலை செய்வது எத்தனால். நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் பெங்களூரில் நடந்த எரிசக்தி மாநாட்டில்தான் அறிமுகமாயிற்று. இன்று பெட்ரோல் பங்க்குகளில் அதுவே கிடைக்கிறது. எத்தனாலுக்குள்ளேயே பிராணவாயு இருப்பதால் அது எரிவதற்குக் குறைந்த காற்றே போதும்; பழைய கார்புரேட்டரில் அதை ஊற்றினால் கலவை நூற்றுக்கு ஏழு பங்கு போல வறண்டுவிடும். ஆக, எத்தனால் தரும் குறையை உயரம் தரும் மிகை பாதிக்குமேல் ஈடுசெய்துவிடுகிறது. கலவையில் கிடைத்த இந்த அதிர்ஷ்டம் ரப்பரில் கிடைக்கவில்லை. அந்தக் காலத்துப் பெட்ரோல் ஹோஸும் பம்பின் டயாஃப்ரமும் எத்தனாலில் ஊறிப் பருத்து மிருதுவாகிவிடும். டேங்கில் ஆண்டுக்கணக்காகப் படிந்த பிசினையும் அது கரைத்துக்கொண்டுவந்து ஜெட்டில் அடைக்கும். டேங்கைக் கழற்றிக் கழுவாமலும், ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றாமலும் வண்டியை எடுப்பது நெருப்போடு விளையாடுவதாகும்.

ஸ்பேர் கிடைக்குமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். இதே 848 சி.சி. இன்ஜினை ரிலையன்ட் கம்பெனி தன் 'ராபின்' என்ற மூன்று சக்கரக் காரில் 2001 வரை போட்டுவந்தது. ஆகையால் கேஸ்கெட், ரிங், பேரிங் ஷெல் முதலியவை இங்கிலாந்தில் இன்றும் கிடைக்கின்றன. கார் அபூர்வமானது, இன்ஜின் அபூர்வமானதன்று. மற்றவற்றுக்குப் பெங்களூரில் ஜே.சி. ரோடும், குஜிரி என்று சொல்லப்படும் சிவாஜிநகர்ப் பழைய சாமான் கடைகளும் இருக்கின்றன. அங்கே காரின் பெயரைச் சொல்லிக் கேட்டால் கையை விரிப்பார்கள். அளவைச் சொல்லிக் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பந்து பேரிங்கின்மேல் 6205 என்று பொறித்திருந்தால் அதன் கடைசி இரண்டு எண்களை ஐந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்: உள்துளை 25 மில்லிமீட்டர், வெளிவட்டம் 52, அகலம் 15. இங்கிலாந்துக் காரானாலும் ஜப்பான் மோட்டாரானாலும் கிணற்றுப் பம்பானாலும் அந்த எண் ஒன்றேதான். ஆயில் சீலும் அவ்வாறே மூன்று அளவுகளால் கிடைக்கும். வெர்னியர் ஒன்று கையில் இருந்தால் பாதி வண்டியை ஒரு மத்தியானத்தில் வாங்கிவிடலாம்.

காகித விஷயத்தை ஒரு வார்த்தையில் முடிக்கிறேன். 2021ல் வந்த மத்திய அரசின் விதிப்படி ஐம்பது வயது நிறைந்த வாகனங்களே 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனிப்பதிவு பெற முடியும். டால்பினுக்கு அந்தத் தகுதி வர இன்னும் சில ஆண்டுகள் ஆகும். அதுவரையில் அது சாதாரணக் கார்தான், எப்.சி.யைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வண்டி ஓடத் தொடங்கியபின் பலர் செய்யும் ஒரு காரியம், ஞாயிற்றுக்கிழமைதோறும் ஷெட்டிலேயே ஐந்து நிமிஷம் இன்ஜினை ஓட்டிவிட்டு அணைப்பது. பேட்டரிக்கு நல்லது என்று இதைச் செய்கிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. இன்ஜின் நன்றாகச் சூடேறாத நிலையில் அந்த ஆவி சைலன்ஸரிலும் எண்ணெயிலும் குளிர்ந்து நீராகத் தங்கி, முன்பு சொன்ன மின்கல வேலையை மறுபடி ஆரம்பித்துவிடும். அதைவிட ஓட்டாமலே விட்டுவைப்பது நல்லது. ஓட்டுவதானால் எண்ணெய் முழுச் சூட்டுக்கு வரும்படி முக்கால் மணி நேரமாவது இடைவிடாமல் ஓட்ட வேண்டும்; பெங்களூர்ப் போக்குவரத்தில் அது பகலில் நடக்கிற காரியமன்று. நண்பர் விடியற்காலையில் கிளம்பி நந்தி மலைக்குப் போய்வருகிறார், அறுபது கிலோமீட்டர் தூரம். மலையின் உச்சி 1,478 மீட்டர். காற்று இன்னும் லேசாகிவிடுவதால், மேலே போனதும் ஐடிலிங்கில் இன்ஜின் சற்றுத் தடுமாறும். அங்கே கார்புரேட்டரில் கைவைக்க வேண்டாம் என்று மெக்கானிக் கண்டிப்பாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். கீழே இறங்கினால் அது தானே சரியாகிவிடும்.